மாறா அரே, மாறும் அரே: எல்லையை எத்தனை முறை கடக்கிறோம்?

1 கோடி வரையுள்ள பகா எண்களை எரடோஸ்தனீஸ் சல்லடை (ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அடித்துவிட்டு மிஞ்சுவதை எடுக்கும் முறை) போட்டு எடுக்க வேண்டும். சி மொழியில் இதற்கு ஓர் அரே (எண்ணிட்ட கட்டங்களின் வரிசை), ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் போதும். ஹாஸ்கெல் மொழியில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தயக்கம் வருகிறது. அங்கே சாதாரண அரே மாறாதது. அதில் ஒரு கட்டத்தை மாற்றச் சொன்னால் பழைய அரேயைத் தொடாமல் வைத்துவிட்டு, அந்த ஒரு கட்டம் மட்டும் வேறாக இருக்கும் புதிய அரே ஒன்றை முழுசாகச் செய்து கொடுக்கும்.

இதன் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹாஸ்கெலின் அன்பாக்ஸ்ட் அரே (கட்டத்திலேயே மதிப்பை நேராக வைத்திருப்பது), பூல் (ஆம்/இல்லை) மதிப்பு ஒவ்வொன்றையும் ஒரு பிட்டில் அடக்கிவிடும். ஆகவே 1 கோடி கட்டங்களுக்கு 12.5 லட்சம் பைட் போதும். சல்லடையின் உள் லூப் 2 கோடி தடவைக்கு மேல் எழுதுகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த 12.5 லட்சம் பைட்டை நகல் எடுத்தால், வினாடிக்கு 1,000 கோடி பைட் நகலெடுக்கும் வேகமான இயந்திரத்தில்கூட நகல் வேலைக்கு மட்டும் 40 நிமிடத்துக்கு மேல் போய்விடும். அதே அரேயை ஒரே ஒரு தடவை நகல் எடுக்க, மில்லி வினாடியில் சிறு பகுதி போதும்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். மாறா அரேயிலிருந்து மாறும் அரேக்கு எப்படிப் போவது, எப்படித் திரும்புவது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நகலே இல்லாத வழியைத்தான் தேடுகிறார்கள். ஆனால் ஒரு நகல் யாரையும் கொன்றதில்லை, லூப்புக்குள் உட்கார்ந்திருக்கும் நகல்தான் ஆளைக் கொல்லும். எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்கு முன்னால், இந்த எல்லையை நிரல் எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

கடக்கவே தேவையில்லாத இடங்கள்

மாறும் அரேயே வேண்டியிருக்காத வேலைகள் நிறைய உண்டு. இரட்டைச் சாய்கோட்டுக் குறி // ஒரு மாற்றத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் குறி இல்லை, அது மாற்றங்களின் பட்டியலையே வாங்கிக்கொள்ளும். ஆயிரம் மாற்றங்களை ஒரே பட்டியலாகக் கொடுத்தால் ஒரு நகல்தான் நடக்கும். ஒவ்வொன்றாக ஆயிரம் தடவை கூப்பிட்டால் ஆயிரம் நகல். புதிதாக ஹாஸ்கெல் எழுதுகிறவர்களின் நிரல் ஊர்ந்து போவதற்குக் காரணம் பல சமயம் இந்த இரண்டாவது பழக்கம்தான்.

எண்ணிக்கை எடுப்பது, வகைவகையாகக் கூட்டுவது போன்ற வேலைகளுக்கு அக்யூம்அரே என்ற ஃபங்ஷன் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து, எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்டால், உள்ளுக்குள் மாறும் அரே ஒன்றை வைத்து நிரப்பி, முடிந்ததும் மாறா அரேயாக நீட்டும். எல்லையைக் கடக்கும் வேலையை லைப்ரரியே நமக்காகச் செய்துவிடுகிறது. டைனமிக் புரோகிராமிங் (சிறு விடைகளைச் சேமித்துப் பெரிய விடையைக் கட்டும் முறை) அட்டவணைகளுக்கு இன்னும் அழகான வழி உண்டு. பாக்ஸ்ட் அரே (கட்டத்தில் மதிப்புக்குப் பதில் அதற்கான சுட்டியை வைத்திருப்பது) சோம்பலானது, அதாவது கேட்கும்போதுதான் கணக்கிடும், அதனால் தன் கட்டங்களைத் தானே சுட்டிக்கொண்டு பிறக்க முடியும். எந்தக் கட்டம் எதை நம்பியிருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதும், கணக்கிடும் வரிசையை மொழியே பார்த்துக்கொள்ளும். அட்டவணை சில லட்சம் கட்டங்களுக்குள் இருக்கும் வரை நான் முதலில் இப்படித்தான் எழுதிப் பார்ப்பேன். மெமரி எகிறும்போதுதான் வேறு வழிக்குப் போவேன்.

ஒரே ஒரு முறை கடந்தால்: ரன்எஸ்டியூஅரே

சல்லடை அப்படிப்பட்ட வேலையில்லை. எதை எழுத வேண்டும் என்பது இதுவரை எழுதியதைப் படித்தால்தான் தெரியும். இங்கே மாறும் அரே வேண்டும், ஆனால் முடிவு வந்த பிறகு யாரும் அதை மாற்றப் போவதில்லை. குயவர் சக்கரத்தில் இருக்கும் ஈர மண்ணை எப்படி வேண்டுமானாலும் வளைக்கிறார், சூளையில் வைத்து எடுத்த பிறகு அது பானை. ரன்எஸ்டியூஅரே என்ற ஃபங்ஷன் செய்வதும் இதுதான். உள்ளே எஸ்டி மோனாடில் (மாற்றங்களை வெளியே தெரியாமல் நடத்த ஹாஸ்கெல் தரும் தனி இடம்) அரேயை வளைத்து, திருத்தி, எழுதி முடிக்கிறோம். வெளியே வரும்போது மாறா அரேயாக வருகிறது. நகல் கிடையாது. அதே நினைவக இடம்தான், மேலே ஒட்டியிருக்கும் டைப் மட்டும் மாறுகிறது.

நகல் இல்லாமல் இது எப்படிப் பாதுகாப்பாக இருக்கிறது? வெளியே போன பானையை உள்ளே இருந்து யாராவது கிள்ளினால் என்ன ஆகும்? கிள்ள முடியாது என்பதைக் கம்பைலரே உறுதி செய்கிறது. எஸ்டி கணக்கு ஒவ்வொன்றுக்கும் அதற்கு மட்டுமே சொந்தமான ஒரு டைப் மாறி உண்டு. மாறும் அரேயின் டைப்பிலும் அந்த மாறி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மாறி கணக்கை விட்டு வெளியே வர முடியாது, அதனால் மாறும் அரேயின் கைப்பிடியும் வெளியே வர முடியாது. 1994-இல் ஜான் லாஞ்ச்பரியும் சைமன் பெய்டன் ஜோன்ஸும் முன்வைத்த யோசனை இது. இத்தனை வருடம் கழித்தும், நகல் செலவே இல்லாமல் முழுப் பாதுகாப்பையும் தரும் இதைப் பார்க்கும்போது எனக்கு வியப்பு குறையவில்லை. எல்லையை ஒரு முறைதான் கடக்கிறோம் என்றால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

இதற்கு ஒரே ஒரு குறை. அரேயை மட்டும்தான் வெளியே கொடுக்கும். சல்லடையோடு சேர்த்து, எத்தனை பகா எண் கிடைத்தது என்ற எண்ணிக்கையும் வேண்டும் என்றால் (1 கோடிக்குள் 6,64,579) இரண்டையும் ஜோடியாக வெளியே எடுக்க இதில் வழியில்லை. அரே வந்த பிறகு இன்னொரு முறை ஓடி எண்ணலாம். அல்லது எந்த விடையையும் வெளியே தரும் சாதாரண ரன்எஸ்டி-யைப் போட்டு, உள்ளேயே அரேயை உறைய வைத்து, ஜோடியாகக் கட்டி அனுப்பலாம். அப்படி உறைய வைக்கும்போது ஃப்ரீஸா, அன்சேஃப்ஃப்ரீஸா என்ற கேள்வி வந்துவிடும்.

நகல் எடுக்கும் ஃப்ரீஸும் தாவும்

மாறும் அரேயை நகலெடுத்து மாறா அரேயாகத் தருவது ஃப்ரீஸ். மாறா அரேயை நகலெடுத்து மாறும் அரேயாகத் தருவது, அதாவது இளக்குவது, தாவ். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள். தாவ் அதை ஒட்ட வைக்கப் பார்ப்பதில்லை, பழைய பானையைப் போலவே பச்சை மண்ணில் இன்னொன்று செய்து தருகிறது.

இந்த இரண்டையும் பலர் தேவைக்கு மேல் பயந்து ஒதுக்குகிறார்கள். உள்ளே நடக்கும் வேலை அரேயின் நீளத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால், முன்னால் ஒரு நகலும் பின்னால் ஒரு நகலும் கண்ணுக்கே தெரியாது. 1 லட்சம் எண்களை வரிசைப்படுத்த சுமார் 17 லட்சம் ஒப்பீடுகள் நடக்கும். அதன் இரு பக்கமும் 8 லட்சம் பைட் கொண்ட நகல் ஒன்று இருப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரே லைப்ரரியில் இந்த ஃபங்ஷன்கள் எந்த வகை மாறும் அரேக்கும் பொதுவாக எழுதப்பட்டவை. பொது வழி, கட்டம் கட்டமாகப் படித்து எழுதும் வழி. அன்பாக்ஸ்ட் அரேயிலிருந்து அன்பாக்ஸ்ட் அரேக்கு என்று டைப் தெளிவாகத் தெரிந்து, ஆப்டிமைசேஷனும் (நிரலை வேகப்படுத்தும் கம்பைலர் வசதி) போட்டிருந்தால்தான் நினைவகத்தை மொத்தமாக நகலெடுக்கும் வேக வழிக்கு கம்பைலர் மாறும். எல்லாவற்றையும் பொது டைப்பில் எழுதிவிட்டு ஃப்ரீஸ் மெதுவாக இருக்கிறது என்று குறைபட்டுக்கொள்வதில் பயனில்லை. இந்த இடங்களில் டைப்பை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அதேபோல் அன்பாக்ஸ்ட் மாறும் அரேயை பாக்ஸ்ட் மாறா அரேயாக ஆக்கச் சொன்னால், உள்ளமைப்பே வேறு என்பதால் எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் கட்டம் கட்டமாகத்தான் நடக்கும்.

அன்சேஃப்ஃப்ரீஸ்: கையெழுத்துப் போட்ட உறுதிமொழி

அன்சேஃப்ஃப்ரீஸ் நகல் எடுக்காது, டைப்பை மட்டும் மாற்றும். இனி இந்த மாறும் அரேயில் எழுத மாட்டேன் என்று நாம் கம்பைலருக்குக் கொடுக்கும் உறுதிமொழி அது. கம்பைலர் அதைச் சரிபார்க்காது.

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு கடையின் சரக்கு இருப்பைக் கணக்கிடும் நிரல். 5,000 பொருள்கள், ஒவ்வொரு நாளின் முடிவிலும் எது எத்தனை இருக்கிறது என்று ஓர் அரே. நாள் முழுவதும் நடந்த விற்பனையை மாறும் அரேயில் கழிப்பேன், இரவு அதை உறைய வைத்து ஒரு பட்டியலில் சேர்ப்பேன், மறுநாள் அதே மாறும் அரேயில் தொடர்வேன். நகலைத் தவிர்க்க அன்சேஃப்ஃப்ரீஸ் போட்டிருந்தேன். ஜிஎச்சிஐ-யில் (முழுசாகக் கம்பைல் செய்யாமலே ஹாஸ்கெல் நிரலை ஓட்டிப் பார்க்கும் கருவி) ஓட்டிப் பார்த்தபோது ஒவ்வொரு நாளின் கணக்கும் சரி. கம்பைல் செய்து, ஆப்டிமைசேஷன் போட்டு ஓட்டினால் எல்லா நாளும் கடைசி நாளின் இருப்பையே காட்டியது.

பட்டியலில் இருந்த அத்தனை அரேயும் ஒரே நினைவக இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. ஜிஎச்சிஐ-யில் மட்டும் ஏன் சரியாக வந்தது என்பதுதான் ஒரு மாலை முழுவதையும் தின்றது. அரே லைப்ரரியில் அன்சேஃப்ஃப்ரீஸின் இயல்பான வரையறையே ஃப்ரீஸ்தான். நகல் இல்லாத வழி, ஆப்டிமைசேஷன் இருந்தால் மட்டும் செயல்படும் மாற்று விதிகளாக எழுதப்பட்டிருக்கிறது. ஆப்டிமைசேஷன் இல்லாத இடத்தில் அது சத்தமில்லாமல் நகலெடுத்து, என் தவறை மறைத்துவிட்டது. இது ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கும் விஷயம். சோதிக்கும் இடத்தில் சரியாகவும், பயன்படுத்தும் இடத்தில் தவறாகவும் ஓடக்கூடிய ஒரு வழியை, நகலின் விலையைக் கணக்குப் பார்க்காமலே தேர்ந்தெடுத்திருந்தேன். அப்புறம் கணக்குப் பார்த்தேன். 5,000 பொருள், பொருளுக்கு 8 பைட், ஒரு நாளுக்கு 40,000 பைட். வருடம் முழுவதற்கும் 1.46 கோடி பைட். சாதாரண ஃப்ரீஸ் போட்டேன், வேகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நாளுக்கு ஓர் அரே தனித்தனியாக இருந்தே ஆக வேண்டும் என்னும்போது அந்த நகலைத் தவிர்க்கவும் முடியாது, அதுதான் நாம் கேட்ட தரவு.

ஆகவே அன்சேஃப்ஃப்ரீஸை ஒரே ஒரு வடிவத்தில்தான் இப்போது அனுமதிக்கிறேன். அதே ஃபங்ஷனுக்குள் உருவாக்கிய அரே, அந்தக் கணக்கின் கடைசி வரியில் உறைய வேண்டும், மாறும் கைப்பிடி வேறு எங்கும் போயிருக்கக் கூடாது. சல்லடையையும் எண்ணிக்கையையும் ஜோடியாகக் கொடுக்கும் உதாரணம் இதற்குச் சரியாகப் பொருந்தும்.

அன்சேஃப்தாவ் இன்னும் மோசம். அதை நான் பயன்படுத்துவதில்லை. அன்சேஃப்ஃப்ரீஸில் நம் கையில் இருக்கும் ஒரு கைப்பிடியைக் கட்டுப்படுத்தினால் போதும். அன்சேஃப்தாவில், அந்த மாறா அரேயை நிரலில் வேறு யாரும் பார்க்கவில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். ஹாஸ்கெல் சோம்பலான மொழி. மூன்றாவது கட்டத்தைப் படி என்று முன்பே எழுதிய வரி இன்னும் நடந்திருக்காது. நாம் அரேயை இளக்கி எழுதிய பிறகு அது விழித்துக்கொண்டு புதிய மதிப்பைப் படித்துவிட்டுப் போகும். இதைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

வெக்டர் லைப்ரரியில்

வெக்டர் என்ற இன்னொரு ஹாஸ்கெல் லைப்ரரியிலும் இதே கதைதான், பெயர்கள் கொஞ்சம் மாறும். ரன்எஸ்டியூஅரேயின் இடத்தில் கிரியேட். பல வெக்டர்களைச் சேர்த்து வெளியே எடுக்கவும் அதற்கு ஒரு துணை உண்டு. அங்கே அன்சேஃப்ஃப்ரீஸ் எப்போதுமே நகலெடுக்காது, ஆகவே என் சரக்குக் கணக்குப் பிழை ஜிஎச்சிஐ-யிலேயே முகத்தைக் காட்டியிருக்கும்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது மாடிஃபை. மாறா வெக்டர் ஒன்றையும், அதன்மேல் நடத்த வேண்டிய மாற்றும் வேலையையும் கொடுத்தால், இடத்திலேயே மாற்றுவது பாதுகாப்பு என்று தெரிந்தால் இடத்திலேயே மாற்றும், இல்லையென்றால் நகலெடுத்து மாற்றும். வெக்டரை வரிசைப்படுத்துவதற்கு இதுதான் சரியான வழி.

இரண்டு எச்சரிக்கைகள். வெக்டரில் பூல் ஒவ்வொன்றும் ஒரு பைட் எடுத்துக்கொள்ளும், ஆகவே நம் சல்லடை 12.5 லட்சத்திலிருந்து 1 கோடி பைட்டுக்கு வீங்கும். அடுத்து, பெரிய மாறும் வெக்டரில் கொஞ்சம் மட்டும் நிரப்பி, அந்தத் துண்டை அன்சேஃப்ஃப்ரீஸ் செய்தால், துண்டு உயிரோடு இருக்கும் வரை முழுப் பெரிய இடமும் மெமரியில் கிடக்கும். இங்கே வேண்டுமென்றே நகலெடுப்பதுதான் சிக்கனம். அதற்கென்றே ஃபோர்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

கார்பேஜ் கலெக்டரின் பார்வையில்

பயன்படாத மெமரியைத் திரும்ப எடுக்கும் கார்பேஜ் கலெக்டருக்கு, உறைய வைப்பதால் வரும் லாபம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாக்ஸ்ட் மாறும் அரே ஜிஎச்சி-யில் (ஹாஸ்கெல் கம்பைலர்) எப்போதும் மாறக்கூடியவை பட்டியலில் இருக்கும். நெடுநேரம் பிழைத்தவை தங்கும் பழைய தலைமுறைக்குப் போய்விட்ட பிறகும், ஒவ்வொரு சின்னச் சேகரிப்பின்போதும் அதை எட்டிப் பார்க்க வேண்டும். இடையில் எழுதியிருந்தால், 128 கட்டத்துக்கு ஒன்றாக வைத்திருக்கும் அடையாள அட்டைகளைப் புரட்டி, எந்தப் பகுதி மாறியது என்று தேட வேண்டும். 10 லட்சம் கட்ட அரேக்கு இது சுமார் 7,800 அட்டை. இப்படிப் பல அரேக்கள் இருந்தால் செலவு கூடிக்கொண்டே போகும். எழுதி முடித்தவுடன் உறைய வைத்தால் இந்தத் தொல்லை விட்டது. அன்பாக்ஸ்ட் அரேக்குள் சுட்டிகளே இல்லாததால் கலெக்டர் உள்ளே பார்ப்பதே இல்லை. எண்களுக்கு எப்போதும் அன்பாக்ஸ்ட் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், பாக்ஸ்ட் மாறும் அரேயில் ஒன்றைக் கூட்டி எழுது என்று ஆயிரம் தடவை சொன்னால், கூட்டாத ஆயிரம் கணக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். அன்பாக்ஸ்டில் அதற்கு வாய்ப்பே இல்லை.

திரும்பத் திரும்பக் கடக்க வேண்டியிருந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு முறையோ இரண்டு முறையோ கடப்பவர்களுக்கு. ஒவ்வொரு படியிலும் இளக்கி, ஒன்றிரண்டு எழுதி, உறைய வைத்துத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்று உங்கள் நிரலில் இருந்தால், அதை எந்த ஃப்ரீஸாலும் காப்பாற்ற முடியாது. அது நம் முதல் கணக்கின் 40 நிமிடக் கதையேதான்.

அங்கே இரண்டு வழி உண்டு. எது எந்தக் குழுவில் இருக்கிறது என்று கண்காணிக்கும் யூனியன்-ஃபைண்டை எடுத்துக்கொள்ளுங்கள். க்ரஸ்கல் முறையில் குறைந்தபட்சப் பரவு மரம் (எல்லா முனைகளையும் குறைந்த செலவில் இணைக்கும் விளிம்புகள்) கண்டுபிடிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், முழு அல்காரிதத்தையும் எஸ்டி-க்குள் கொண்டுபோய்விடுங்கள். வெளியே வர வேண்டியது மரத்தின் விளிம்புகள் மட்டும்தான். உள்ளே இருந்த அரேயை யாரும் கேட்கப் போவதில்லை, அதை உறைய வைக்கவே வேண்டாம். நடுவில் ஒரு நிலைக்குத் திரும்பிப் போக வேண்டும், பழைய வடிவங்களும் வேண்டும் என்றால் அரேயை விட்டுவிட்டு இன்ட்மேப்புக்கு (எண்ணைச் சாவியாகக் கொண்ட மாறா மரம்) போங்கள். ஒரு மாற்றத்துக்கு மரத்தின் ஒரு கிளை மட்டும் புதிதாகும், மற்றது முழுக்கப் பழையதோடு பகிர்ந்துகொள்ளும். படிப்பது அரேயைவிட மெதுவாகத்தான் இருக்கும், மெமரியும் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் பழைய வடிவங்கள் கேட்காமலே கிடைக்கின்றன.

குளோஜர் மொழி இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் போட்டிருக்கிறது. அதன் வெக்டர், முனைக்கு 32 கிளை கொண்ட மரம். 10 லட்சம் உறுப்புகளுக்கு நாலு அடுக்கு போதும். 1.1 பதிப்பில் வந்த டிரான்சியன்ட் வசதியால், அந்த மரத்தை நிலையான சிறு செலவில் மாறும் நிலைக்குக் கொண்டுபோய், வேலை முடிந்ததும் அதே சிறு செலவில் மாறா நிலைக்குத் திருப்பலாம். முழு நகல் இரண்டு பக்கமும் இல்லை. திருப்பிய பிறகு பழைய கைப்பிடியைத் தொட்டால், ஓடும்போதே பிழை வீசும். ஹாஸ்கெல் கம்பைல் நேரத்தில் தடுப்பதை இது ஓடும் நேரத்தில் தடுக்கிறது. அடிக்கடி கடக்க வேண்டிய வேலைக்கு இது ஹாஸ்கெலின் அரேயைவிட நல்ல தீர்வு.

லீன் 4 மொழி இந்தக் கேள்வியையே இல்லாமல் செய்யப் பார்க்கிறது. அங்கே அரே ஒரே வகைதான். அரேயை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓடும்போது எண்ணிக்கொண்டே இருக்கும். ஒருவர் மட்டும் என்றால் இடத்திலேயே எழுதும், இன்னொருவரும் பிடித்திருந்தால் நகலெடுக்கும். எழுதுவதற்கு இவ்வளவு இதமான வழி வேறில்லை. ஆனால் எங்கோ ஒரு மூலையில் பழைய அரேயைத் தெரியாமல் பிடித்து வைத்துவிட்டால், விடை சரியாகவே வரும், லூப் மட்டும் சத்தமில்லாமல் நகலெடுக்கத் தொடங்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. அந்தப் பகிர்வைத் தேடிக் காட்டும் பிழைதேடு ஃபங்ஷனை லீனே வைத்திருக்கிறது என்பதிலிருந்து, இது எவ்வளவு சகஜம் என்று புரிந்துகொள்ளலாம். 2021-இல் ஜிஎச்சி 9.0-வோடு வந்த லீனியர் டைப்புகள் இதே ஒற்றைப் பிடியைக் கம்பைல் நேரத்திலேயே கேட்கின்றன. அதைக் கொண்டு எழுதிய மாறும் அரேயை நகலின்றி உறைய வைக்கலாம். அன்றாட வேலைக்கு அந்த டைப்புகள் கை கட்டுவதாகவே எனக்குப் படுகிறது, அதனால் இன்னும் எஸ்டி-யிலேயே இருக்கிறேன்.

கடைசியாக, நடைமுறையில் அதிகம் வரும் வடிவம் ஒன்று. 10 லட்சம் வரிசைகள் கொண்ட விலைப் பட்டியல். வினாடிக்குப் பல்லாயிரம் தடவை படிக்கிறார்கள், எப்போதாவது ஒன்றிரண்டு விலை மாறுகிறது. படிப்பதற்கு அன்பாக்ஸ்ட் மாறா அரேயை வைத்துக்கொண்டு, மாறிய விலைகளைப் பக்கத்தில் ஒரு சின்ன இன்ட்மேப்பில் சேர்த்து வருவேன். படிக்கும்போது முதலில் இன்ட்மேப், அதில் இல்லையென்றால் அரே. இன்ட்மேப்பில் ஆயிரம் சேர்ந்ததும், அத்தனையையும் ஒரே பட்டியலாக // குறிக்குக் கொடுத்துப் புதிய அரே செய்துவிட்டு, இன்ட்மேப்பைக் காலியாக்குவேன். 80 லட்சம் பைட் நகல், ஆயிரம் மாற்றத்துக்கு ஒரு முறை. அன்சேஃப் என்ற சொல்லே அந்த நிரலில் வராது.